தபால் தலை அளவு தோல்

எட்வர்டு பர்ன்-ஜோன்ஸ் என்று இங்கிலாந்தில் ஒரு சித்திரக்காரர் இருந்தார். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெரும் புகழ் பெற்றவர். ஒரு நாள் அவர் வீட்டில் நண்பர்கள் கூடிப் பேசிக்கொண்டிருந்தபோது, வர்ணங்களைப் பற்றிப் பேச்சு வந்தது. கூட இருந்த இன்னொரு சித்திரக்காரர், வர்ணம் அரைக்கும் கடைக்காரர் தம்மை ஒரு மம்மியைப் பார்க்க அழைத்ததாகவும், அதை அரைத்துத்தான் 'மம்மிப் பழுப்பு' என்ற வர்ணம் செய்யப் போகிறார் என்றும் சொன்னார்.

பர்ன்-ஜோன்ஸ் முதலில் நம்பவில்லை. அது நிறத்துக்கு வைத்த பெயராகத்தான் இருக்க வேண்டும் என்று சாதித்தார். உண்மையாகவே எகிப்து தேசத்துப் பிரேதத்தைப் பொடி செய்துதான் வர்ணம் குழைக்கிறார்கள் என்று உறுதியாகத் தெரிந்ததும், எழுந்து தம் சித்திரக் கூடத்துக்கு விரைந்தார். தம்மிடம் இருந்த ஒரே ஒரு மம்மிப் பழுப்புக் குழாயை எடுத்து வந்தார். தோட்டத்துப் புல்தரையில் குழி தோண்டி, அதை அங்கேயே அடக்கம் செய்தார். அங்கிருந்த சிறுமிகளில் ஒருத்தி அந்த இடத்தில் ஒரு பூச்செடியை நட்டாள். அந்த வீட்டுக்கு உறவுப் பையனாக வந்திருந்த ருட்யார்டு கிப்ளிங், பெரியவரான பிறகு இந்தச் சம்பவத்தை நினைவுகூர்ந்து எழுதியிருக்கிறார்.

மம்மி வர்ணமாவதற்கு முன்னால் மருந்தாக இருந்தது. 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பிய மருந்துக் கடைகளில் மம்மிப் பொடி விற்றார்கள். அடிபட்டு ரத்தம் கட்டியவர்களுக்கு அதைக் கொடுத்தார்கள். பிரெஞ்சு அரசர்களுக்கு ரண வைத்தியராக இருந்த ஆம்புருவாஸ் பாரே என்பவர் 1582-ல் இதைக் கண்டித்து ஒரு நூலே எழுதினார். இருந்தும் வியாபாரம் நிற்கவில்லை. உயிர் காக்கும் என்று நம்பி வாங்கிய சரக்கு, நாளாவட்டத்தில் படத்துக்கு அழகு சேர்க்கும் சரக்காக மாறியது. வைத்தியசாலையில் தொடங்கி அலங்கார மேஜையில் முடிகிற இந்தப் பயணம் மனித சரித்திரத்தில் ஒருமுறை மட்டும் நடந்ததல்ல. நம்முடைய காலத்திலும் நடந்திருக்கிறது. அதைப் பற்றித்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

ஒரு கதைக்காகத் தீக்காயச் சிகிச்சையைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் சுவிட்சர்லாந்தில் லோசான் நகரத்துச் சர்வகலாசாலை ஆஸ்பத்திரி டாக்டர்கள் செய்த ஒரு காரியம் என் கண்ணில் பட்டது. கர்ப்பத்தின் ஆரம்ப மாதங்களில் சிசுவின் தோலில் காயம் பட்டால், அது தழும்பே இல்லாமல் ஆறிவிடும். பிறந்த பிறகு இந்த வரம் நமக்குப் போய்விடுகிறது. வெந்துபோன குழந்தையின் உடம்பில் அந்தச் சக்தியை எப்படியாவது கொண்டுவந்து சேர்க்க முடியாதா என்று அந்த டாக்டர்கள் யோசித்தார்கள்.

கருக்கலைப்பு செய்துகொண்ட ஒரு பெண், 14 வாரச் சிசுவின் தோலைத் தானமாகக் கொடுக்கச் சம்மதித்தாள். எடுத்தது ஏறக்குறைய ஒரு தபால் தலை அளவு. அதிலிருந்து உயிரணுக்களைப் பிரித்து, கண்ணாடிப் பாத்திரத்தில் வளர்த்து, உறைய வைத்துச் சேமித்தார்கள். பிறகு அவற்றைக் கொல்லாஜன் என்னும் புரதத்தாலான மெல்லிய ஏட்டில் பரப்பிக் காயங்களின் மேல் வைத்தார்கள். 8 குழந்தைகளுக்கு இந்தச் சிகிச்சை நடந்தது. தொடையிலிருந்து தோலை உரித்து எடுத்து ஒட்ட வேண்டியிருக்கும் என்று நினைத்த குழந்தைகள் அவர்கள். ஒட்ட வேண்டிய அவசியமே ஏற்படவில்லை. சராசரி 15 நாளில் புண் மூடிக்கொண்டது. 2005-ல் லான்செட் என்ற வைத்தியப் பத்திரிகையில் இந்த விவரங்கள் வெளிவந்தன. அந்த ஒரே தானத்திலிருந்து லட்சக்கணக்கான குழந்தைகளுக்குப் போதுமான ஏடுகளைச் செய்யலாம் என்றும் கணக்கிட்டார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு மனம் நிறைந்தது. தீக்காய வார்டில் ஒரு குழந்தைக்குக் கட்டு மாற்றும்போது அது போடுகிற அலறலைக் கேட்டவர்களுக்கு, தபால் தலை அளவு தோலின் மதிப்பு என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. அந்த ஆராய்ச்சியை ஒட்டி நியோகியூட்டிஸ் என்று ஒரு கம்பெனி உருவாயிற்று. அதே தோல் உயிரணுக்களை வளர்த்து, சிதைத்து, அவற்றின் புரதங்களை எடுத்து, முகத்தில் பூசும் கிரீமில் சேர்த்தார்கள். சுருக்கம் மறையும், சருமம் பொலிவு பெறும் என்று விற்றார்கள். ஒரு சின்னக் குப்பியின் விலை 100 டாலருக்கு மேல். அந்தச் சரக்குக்கு வைத்த பெயர் பி.எஸ்.பி. என்ற மூன்று எழுத்து. 'பதப்படுத்திய தோல் உயிரணுப் புரதங்கள்' என்று அதற்கு விரிவு.

2009-ல் அமெரிக்காவில் கருக்கலைப்பை எதிர்ப்பவர்கள் இதைக் கண்டுபிடித்துக் கண்டனக் குரல் எழுப்பினார்கள். கிரீமை யாரும் வாங்கக் கூடாது என்றார்கள். கம்பெனி மறைக்கவில்லை, பதில் சொன்னது. தானம் ஒரே ஒருமுறை பெற்றதுதான், இன்னொரு சிசுவின் தோல் இனி ஒருபோதும் வேண்டியதில்லை, உலகம் பயன்படுத்துகிற சில தடுப்பு மருந்துகளும் இப்படி வந்த உயிரணுக்களில் வளர்ந்தவைதாமே என்று கேட்டது.

கருக்கலைப்பு சரியா, தவறா என்ற வழக்கை நான் இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. அது பெரிய வழக்கு. அதற்குத் தனிக் கட்டுரை வேண்டும். கலைப்பது என்ற முடிவு வேறு, கொடுப்பது என்ற முடிவு வேறு. ஒன்று மற்றொன்றைத் தூண்டக் கூடாது என்று இங்கிலாந்தில் 1989-ல் பால்கிங்ஹார்ன் தலைமையில் கூடிய கமிட்டி விதி வகுத்தது. அந்த விதியை ஏற்றுக்கொண்டே பேசுவோம். முறையாகக் கேட்டு, முறையாகக் கொடுத்த தானம் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியிருந்தும் கம்பெனியின் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். தடுப்பு மருந்துக்கு ஆகும் என்றால் முகப்பூச்சுக்கு ஏன் ஆகாது?

தடுப்பு மருந்தின் சரித்திரத்தைச் சற்றுப் பார்க்கலாம். 1949-ல் அமெரிக்காவில் ஜான் எண்டர்ஸ், வெல்லர், ராபின்ஸ் என்ற மூவரும் இளம்பிள்ளை வாதக் கிருமியை மனிதக் கருவின் திசுக்களில் வளர்த்துக் காட்டினார்கள். அதுவரை நரம்புத் திசுக்களில்தான் அது வளரும் என்று நினைத்திருந்தார்கள். தடுப்பு மருந்துக்கு வழி திறந்தது அங்கேதான். 1954-ல் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

1962-ல் பிலடெல்பியாவில் விஸ்டார் ஆராய்ச்சி நிலையத்தில் லியனார்டு ஹேஃப்ளிக் என்பவர், சுவீடனிலிருந்து வந்த ஒரு சிசுவின் நுரையீரலிலிருந்து உயிரணுக்களை வளர்த்தார். டபிள்யூ.ஐ. 38 என்று அவற்றுக்குப் பெயர். 1964-65-ல் அமெரிக்காவில் ஜெர்மன் அம்மை பரவியது. கர்ப்பிணிகளுக்கு அது வந்தால் வயிற்றிலுள்ள குழந்தையைத் தாக்கும். பார்வையோ கேள்வியோ இதயமோ பழுதுபட்டு ஏறத்தாழ 20,000 குழந்தைகள் பிறந்தன. ஸ்டான்லி பிளாட்கின் என்ற டாக்டர் டபிள்யூ.ஐ. 38 உயிரணுக்களில் வளர்த்து உருவாக்கிய தடுப்பு மருந்துதான் பின்னால் உலகமெங்கும் அந்த நோயை அடக்கியது. கருக்கலைப்பை அடியோடு எதிர்க்கிற கத்தோலிக்கத் திருச்சபைகூட, 2005-ல் வாத்திகன் வெளியிட்ட அறிக்கையில், வேறு மருந்து கிடைக்காதபோது குழந்தைகளைக் காக்க இதைப் பயன்படுத்தலாம் என்று இடம் கொடுத்தது. ஆனால் மாற்று மருந்து கேட்டுக் குரல் கொடுக்க வேண்டிய கடமையும் உண்டு என்று சேர்த்துச் சொன்னது.

இந்தச் சரித்திரத்தில் ஒரு கறையும் இருக்கிறது. அந்தச் சுவீடன் பெண்ணின் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. தன் கருவிலிருந்து கோடிக்கணக்கானவர்களுக்கு மருந்து கிடைக்கப் போகிறது என்று அவளுக்குத் தெரியவே தெரியாது. அது மட்டுமல்ல, 1968-ல் ஹேஃப்ளிக் வேலை மாறியபோது, உறைந்த உயிரணுக் குப்பிகளைத் தம்முடன் கலிபோர்னியாவுக்குக் கொண்டு போய்விட்டார். குப்பிகள் யாருக்குச் சொந்தம், விற்ற பணம் யாரைச் சேர வேண்டும் என்று அவருக்கும் அமெரிக்க அரசாங்கத்துக்கும் வருஷக்கணக்கில் வழக்கு நடந்து, 1981-ல் சமரசமாயிற்று. ஹேஃப்ளிக்குக்குச் சொந்தமா, சர்க்காருக்குச் சொந்தமா என்று வாதாடினார்களே தவிர, சுவீடனில் ஒரு பெண் இருக்கிறாளே என்று அந்த வழக்கில் வாதாட யாரும் வரவில்லை.

லோசான் பெண்ணைக் கேட்டார்கள். அந்த அளவில் உலகம் முன்னேறியிருக்கிறது. ஆனால் கேட்டு வாங்கியதாலேயே ஒரு புதுக் கடமையும் வந்து சேருகிறது.

நம்முடைய கோயில் கல்வெட்டுகளைப் படித்தவர்களுக்கு 'சாவா மூவாப் பேராடு' என்ற தொடர் பழக்கமானது. சோழர் காலத்தில் ஒருவர் கோயிலுக்கு நந்தா விளக்கு ஒன்று வைக்க வேண்டுமென்றால், 96 ஆடுகளைத் தானமாகக் கொடுப்பார். இடையர்கள் அந்த ஆடுகளை ஏற்றுக்கொண்டு, நாள்தோறும் ஓர் உழக்கு நெய் கோயிலுக்கு அளக்க வேண்டும். ஆடு சாகும், குட்டி போடும். ஆனால் கணக்கில் 96 என்றும் குறையாது. ஆகையால் அவை சாவதுமில்லை, மூப்பதுமில்லை.

லோசானில் உறைந்து கிடக்கும் உயிரணுக்களைப் பற்றிப் படித்தபோது எனக்கு இந்தப் பேராடுதான் ஞாபகம் வந்தது. ஒருமுறை கொடுத்தது, தலைமுறை தலைமுறையாகப் பெருகிக்கொண்டே இருப்பது. ஆனால் நம் முன்னோர்கள் ஆட்டைக் கொடுத்ததோடு விட்டுவிடவில்லை. எதற்காகக் கொடுக்கிறோம், யார் ஏற்றுக்கொண்டார், நாளைக்கு எவ்வளவு அளக்க வேண்டும் என்பதையெல்லாம் கல்லில் வெட்டினார்கள். இந்தத் தர்மத்தைப் பாதுகாக்க வேண்டியவர் இன்னார் என்றும் எழுதினார்கள். பாலையும் குட்டியையும் இடையர் அனுபவிக்கலாம், அதில் குற்றமில்லை. ஆனால் விளக்குக்கு நெய் போகாமல், அத்தனையும் சந்தைக்குப் போனால் அது தானத்தைத் திருடியது ஆகும்.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று நம்மிடையே ஒரு பழமொழி உண்டு. வாங்கினவனுக்குச் சொன்ன புத்தி அது. தானமாக வாங்கிய மாட்டைச் சந்தைக்கு ஓட்டிப் போகிறவனுக்கு என்ன புத்தி சொல்வது?

கம்பெனியின் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. ஒரே தானம் என்பது உண்மை. கிரீம் பூசியவளால் இன்னொரு கருவுக்குத் தீங்கு வருவதில்லை என்பதும் உண்மை. ஆராய்ச்சிக்குப் பணம் வேண்டும். சீமாட்டிகளின் முகச்சுருக்கத்திலிருந்து வரும் பணம் தீக்காய வார்டுக்குப் போகுமானால் யாருக்கு நஷ்டம் என்று கேட்கலாம். நான் அதை ஒப்புக்கொள்ளத் தயார். ஆனால் போகுமானால் என்ற அந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. எவ்வளவு போக வேண்டும், யார் கணக்குப் பார்ப்பது என்பதை எங்கே எழுதி வைத்திருக்கிறோம்?

சட்டங்கள் இந்த விஷயத்தில் ஓரளவுக்குத்தான் உதவுகின்றன. உறுப்பும் திசுவும் உயிரணுவும் இலவசமாகவே தானம் செய்யப்பட வேண்டும் என்று சுவிட்சர்லாந்தின் அரசியல் சாசனமே சொல்லுகிறது. கருவின் திசுவை லாபத்துக்கு விற்கக் கூடாது என்று அமெரிக்காவில் 1993-ல் சட்டம் செய்தார்கள். ஆனால் திசுவிலிருந்து உயிரணு, உயிரணுவிலிருந்து புரதம், புரதத்திலிருந்து கிரீம் என்று படிப்படியாக நகர்ந்து வந்த சரக்கு அங்கே தாராளமாக விற்றது. ஐரோப்பிய யூனியன் மட்டும் கறாராக இருக்கிறது. மனித உயிரணு, திசு, அவற்றிலிருந்து வந்த பொருள் எதையும் அழகுசாதனங்களில் சேர்க்கக் கூடாது என்று அதன் 2009-ஆம் ஆண்டு விதி தடுக்கிறது. அதே பொருள் அட்லாண்டிக்கின் ஒரு கரையில் விலக்கப்பட்டது, மறு கரையில் விலை உயர்ந்தது!

கொடுத்த பெண்ணை நினைத்துப் பார்க்கிறேன். அவள் எந்தச் சூழ்நிலையில் அந்தக் கர்ப்பத்தை இழந்தாள் என்பது அவளுடைய சொந்த விஷயம். ஆனால் அது சுலபமான நாளாக இருந்திருக்காது. அந்த நாளில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தவளிடம் ஒரு காகிதத்தை நீட்டுகிறார்கள். எந்தப் பெண்ணும் அப்போது நினைப்பது எரிந்துபோன குழந்தையையும் நோயாளியையும்தான். அலங்கார மேஜையின் மேல் வைக்கும் குப்பி அவள் நினைவுக்கு வர நியாயமில்லை. ஆகவே அதை அவளுக்கு நினைவுபடுத்த வேண்டியது கேட்கிறவர்களுடைய பொறுப்பு. "அம்மா, இதை மருந்துக்கும் பயன்படுத்துவோம், முகப்பூச்சுக்கும் பயன்படுத்தலாமா?" என்று தெளிவாகக் கேட்க வேண்டும். முன்னதற்கு மட்டும் சரி என்றால் அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். இரண்டுக்கும் சரி என்றால், வார்டுக்கு அளக்க வேண்டிய நெய்யை முதலில் அளந்துவிட்டு, மிச்சத்தை விற்கட்டும். விற்கும்போது மூன்று எழுத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளாமல், இது எங்கிருந்து வந்தது என்று குப்பியின் மேலேயே சொல்லட்டும். வாங்குகிறவளுக்கும் வேண்டாம் என்று சொல்ல உரிமை உண்டு. தெரியாதவரிடம் அந்த உரிமை இருந்து என்ன பயன்?

இப்படியெல்லாம் கேட்டால் எந்தப் பெண்ணும் சம்மதிக்க மாட்டாளே, வியாபாரம் எப்படி நடக்கும் என்று யாராவது சொல்வார்களானால், கேள்விக்குப் பதிலை அவர்களே சொல்லிவிட்டார்கள் என்று அர்த்தம். தெளிவாகக் கேட்டால் கிடைக்காத ஒன்றை, தெளிவாகக் கேட்காமல் வாங்கிக்கொண்டால் அதற்குத் தானம் என்ற பெயர் பொருந்தாது.