பெட்டி எங்கே திறக்கப்படுகிறது?

தேர்தலுக்கு முதல் நாள் மாலை ஒரு தமிழ்ப்பள்ளிக்குள் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மேசைகள் சுவரோரம் ஒதுங்கியிருக்கும். பிள்ளைகள் எழுதிய திருக்குறள் அட்டை மட்டும் இருந்த இடத்திலேயே தொங்கும். மறுநாள் காலையில் அந்த வகுப்பறை ஒரு வாக்களிப்புத் தடம், மலாயில் சாலுரான். பொறுப்பதிகாரி காலிப் பெட்டியைக் கட்சி ஏஜெண்டுகளிடம் காட்டிவிட்டுத்தான் சீல் வைப்பார். முதல் குமாஸ்தா வாக்காளரின் பெயரை உரக்க வாசித்துப் பட்டியலில் கோடு போடுவார். அடுத்தவர் விரலில் மை வைப்பார். மூன்றாமவர் சீட்டைக் கொடுப்பார். "ஏன் இப்படிக் கத்திப் படிக்கிறாங்க?" என்று ஒரு பாட்டி கேட்பதுண்டு. அது அவருக்காக இல்லை, பின்னால் பட்டியலோடு உட்கார்ந்திருக்கும் ஏஜெண்டுகளுக்காக. அதிகாரியை நம்பாதவனும் முடிவை நம்ப வேண்டும். இந்த ஏற்பாடெல்லாம் அதற்குத்தான்.

வாக்களிப்பு முடிந்ததும் அதே அறையில் பெட்டியைத் திறந்து எண்ணுகிறார்கள். இன்று இது நமக்குச் சாதாரணம். ஆனால் 1990 வரை அப்படி இல்லை.

1955 ஜூலை 27 அன்று மலாயாவின் முதல் கூட்டரசுத் தேர்தல் நடந்தது. 52 இடங்களில் 51ஐக் கூட்டணிக் கட்சி வென்றது. சீட்டில் அதன் சின்னம் பாய்மரக் கப்பல். படிக்கத் தெரியாதவர்களும் ஓட்டுப் போட வேண்டுமே! வாக்காளர்களில் இந்தியர்கள் 5 விழுக்காடுகூட இல்லை. தோட்டத்து மக்களில் பெரும்பாலோருக்கு அப்போது குடியுரிமை கிடையாது. பின்னாளில் குடியுரிமை பெற்று அவர்கள் வரிசையில் நின்றபோது, பெட்டிகள் ஊர் ஊராகச் சேகரிக்கப்பட்டு தொகுதிக்கு ஒரு மையத்தில் எண்ணப்பட்டன. வழியில் என்ன நடந்ததோ என்ற சந்தேகம் தோற்ற கட்சிக்கு எப்போதும் இருந்தது. அதிலும், தேர்தலை நடத்தும் அதிகாரி பெரும்பாலும் மாவட்ட அதிகாரியாகவோ நகராண்மைக் கழகத் தலைவராகவோ இருப்பார். (1965இல் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்ட பிறகு, அந்தத் தலைவரை யாரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பதில்லை என்பது தனிக் கதை.)

1990 பொதுத்தேர்தலிலிருந்து எண்ணிக்கை வாக்களித்த இடத்துக்கே வந்தது. பெட்டி பயணம் போவதில்லை. ஏஜெண்டு கண் எதிரே திறக்கிறார்கள். சந்தேகச் சீட்டு என்றால் அங்கேயே வாதாடலாம். எண்ணி முடிந்ததும் முடிவைப் போராங் 14 என்ற பாரத்தில் எழுதிக் கையெழுத்திட்டு ஏஜெண்டுகளுக்கு நகல் தருகிறார்கள். நல்ல மாற்றம்தான். எதிர்க்கட்சிகள் அதை வரவேற்றிருக்க வேண்டும் என்று இன்று நமக்குத் தோன்றும். ஆனால் அவர்கள் பயந்தார்கள்.

அந்தப் பயத்தைத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நகரத்துப் பள்ளியில் பத்துத் தடங்கள் இருந்தால் யார் யாருக்குப் போட்டார் என்று யாரால் சொல்ல முடியும்? ஆனால் ஒரே தோட்டம், ஒரே பள்ளி, ஒரே தடம் என்றால் அன்று ராத்திரியே தெரிந்துவிடும். "இந்தத் தோட்டத்துல நமக்கு அம்பதுதான் விழுந்திருக்கு" என்று ஒரு தலைவர் சொல்ல முடிந்தால், கோயில் மானியம் கேட்டுப் போகிறவர் எந்த முகத்தோடு போவார்? தனி மனிதனின் ஓட்டு ரகசியமாகவே இருந்தது. ஊரின் ஓட்டு ரகசியமாக இல்லை. கம்பெனி வீட்டில் குடியிருந்த தொழிலாளிக்கு இந்த இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. வாக்காளர்களை வயது வரிசையில் தடம் பிரிக்கும் வழக்கம் வந்தபின், இளைஞர்கள் எந்தப் பக்கம் சாய்ந்தார்கள் என்பதும் கடைசித் தடத்தின் எண்ணிக்கையில் தெரிந்துவிடுகிறது.

பெட்டியைச் சுற்றிய சர்ச்சைகள் பிறகும் ஓயவில்லை. 2008இல் பெட்டி கண்ணாடி போல ஒளி ஊடுருவுவதாக மாறியது. ஆனால் இந்தியாவிலிருந்து வாங்கிய அழியா மையை, வாக்களிப்புக்கு நான்கே நாள் இருக்கையில், வேண்டாம் என்று தேர்தல் ஆணையம் அறிவித்தது. 2013இல் மை வந்தது. "கழுவுனா போயிடுது" என்று அன்று மாலையே புகாரும் வந்தது.

2018 மே 9 இரவு, போராங் 14 என்ற பெயர் அரசியல் பேசாத வீடுகளிலும் அடிபட்டது. சில இடங்களில் அதிகாரிகள் அதில் கையெழுத்திட மறுக்கிறார்கள் என்று எதிர்க்கட்சிகள் புகார் கூறின. ஆணையத்தின் அறிவிப்பு வரும்முன்பே, கையில் இருந்த பாரங்களைக் கூட்டிப் பார்த்து யார் முன்னணியில் இருக்கிறார் என்று கட்சிகள் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தன. எண்ணிக்கை ஒரே மண்டபத்தில் நடந்திருந்தால் இப்படித் தனிக் கணக்கு வைத்திருக்க வழியே இல்லை. 1990இல் பயந்தவர்களுக்கு 28 ஆண்டுக்குப் பிறகு அதே ஏற்பாடு கைகொடுத்தது.

அதனால் பழைய முறைக்குத் திரும்பச் சொல்லும் எண்ணம் எனக்கில்லை. ஆனால் நூறு, இருநூறு பேர் மட்டும் ஓட்டுப் போடும் தோட்டங்களும் உள்ளூர்க் கம்பங்களும் இன்னும் இருக்கின்றன. இந்தியாவில் வாக்குச்சீட்டுக் காலத்தில் பல சாவடிகளின் சீட்டுகளைக் கலந்து எண்ணினார்கள். இங்கும் மிகச் சிறிய தடத்தின் சீட்டுகளை, ஏஜெண்டுகள் பார்க்கவே, பக்கத்துத் தடத்தோடு கலந்து எண்ணலாம். இதற்குப் புது இயந்திரம் எதுவும் தேவையில்லை; இன்னொரு மேசை போதும்.