தாண்டிக்குடிக் காப்பியும் இருதயமும்

பழனி மலைத்தொடரின் கீழ்மலைப் பகுதியிலுள்ள தாண்டிக்குடி மிகப் பழைய ஸ்தலம் என்பதற்கு, அங்கே இன்றும் காணப்படும் ஈமக் கற்பதுக்கைகளே சாட்சி. செண்பகனூர் இயேசு சபையைச் சேர்ந்த ஆங்லேட் பாதிரியாரும் நியூட்டன் என்பாரும் இம்மலைகளின் கல்திட்டைகளை ஆராய்ந்து எழுதிய நூலை இந்தியத் தொல்பொருள் துறை 1928-ல் வெளியிட்டது. அந்தப் பழைய மண்ணில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளைக்காரத் தோட்டக்காரர்களால் இம்மலைகளுக்கு வந்த காப்பி, ஆரஞ்சும் மலைவாழையும் மிளகும் கூடி வளரும் மரநிழலில் வேரூன்றி, நாளடைவில் குடியானவர்களின் ஜீவனத்துக்கே ஆதாரமாயிற்று.

பழத்தின் சதையை இயந்திரத்தில் நீக்கி, கொழகொழப்புப் போக ஊறவைத்துக் கழுவி, களத்தில் உலர்த்திய ‘பார்ச்மெண்ட்’ காப்பி, மட்டக்குதிரைகளின் முதுகிலும் பின்னர் லாரிகளிலும் மலையிறங்கி, பட்டிவீரன்பட்டி முதலிய அடிவார ஊர்களின் வர்த்தகத்தை வளர்த்தது. 1942-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி விளைச்சலைப் பொதுத் தொகுப்பில் ஒப்படைக்க வேண்டியிருந்த காலத்தில், பதனிடும் சாலையில் மேல்தோல் நீங்கிய பருப்பைச் சல்லடைகளில் சலித்து, பெருத்ததை ‘ஏ’ என்றும், அதற்கு அடுத்ததை ‘பி’ என்றும், ஒற்றை விதையாய் உருண்டதைப் ‘பீபெரி’ என்றும் பிரித்து விலை கட்டினார்கள். எனினும் சல்லடை பருமனைத்தான் சொல்லும். குணத்தைச் சொல்வது, வறுத்து வடித்துச் சுவைத்துப் பார்ப்பவனுடைய நாக்கு.

இம்மலையில் பெரும்பாலும் விளையும் அராபிக்கா இனத்தின் பருப்பில் நூற்றுக்குச் சுமார் 15 பங்கு எண்ணெய். அந்த எண்ணெயில் கலந்துள்ள ‘கஃபெஸ்டால்’ என்னும் வஸ்துவைப் பற்றிய விசாரணைக்கு வித்திட்டது, நார்வே நாட்டின் வடகோடியிலுள்ள டிராம்ஸோ நகரம். அந்நகரத்து மக்களின் ரத்தத்தைச் சோதித்து வந்த வைத்தியர்கள் 1983-ல், காப்பி அதிகம் குடிப்பவர்களிடம் கொலஸ்ட்ரால் அதிகமிருப்பதாக எழுதினார்கள். தூளைக் கொதிக்கவிட்டுத் தெளியவைத்துக் குடிக்கும் அந்நாட்டு வழக்கமே அதற்குக் காரணம் என்பதும், காகிதத்தில் வடிகட்டினால் தோஷம் பெரும்பாலும் நீங்கிவிடுகிறது என்பதும், கஃபெஸ்டால் கூட்டுவது பிரதானமாக எல்.டி.எல். எனப்படும் கெட்ட கொழுப்பையே என்பதும் பின்வந்த ஆராய்ச்சிகளில் தெளிவாயின.

அதே டிராம்ஸோ ஆய்விலிருந்துதான், எச்.டி.எல். என்னும் அடர்த்தி மிகுந்த கொழுப்புப்புரதம் குறைந்தவர்களுக்கு மாரடைப்பு அபாயம் அதிகம் என்று 1977-ல் சொல்லப்பட்டது. பாரிஸில் மாஷபோ என்பவர் 1929-ல் குதிரையின் ரத்தத்திலிருந்து முதன்முதலாகப் பிரித்தெடுத்த இந்தத் துகளில் ஏறக்குறையப் பாதி புரதம். அதில் தலைமையானது ‘ஏ-1’ எனப்படும் அபோபுரதம். மற்றப் பாதியில் பாஸ்போலிப்பிடுகளும் சிறிதளவு கட்டற்ற கொலஸ்ட்ராலும் மேற்புறத்தில் அமைய, கொலஸ்ட்ரால் எஸ்டரும் சிறிது டிரைகிளிசரைடும் உள்ளே அடங்குகின்றன. உயிரணுக்களில் மிஞ்சிய கொலஸ்ட்ராலை இத்துகள் ஏற்றுக்கொள்ள, ‘எல்கேட்’ என்னும் நொதி அதை எஸ்டராக மாற்றி உள்ளே தள்ள, கடைசியில் ஈரல் அதைப் பெற்றுப் பித்தத்தின் வழியே வெளியேற்றுகிறது. இவ்வாறு ரத்தக்குழாயின் சுவரில் சேரும் கொழுப்பை அகற்றுவதனாலேயே இதற்கு ‘நல்ல கொழுப்பு’ என்ற பெயர் வந்தது.

தமிழ்நாடு உள்ளிட்ட நான்கு பிரதேசங்களில் நடத்தப்பட்டு 2014-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் ஆய்வில், சோதிக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 72 பேருக்கு இந்த நல்ல கொழுப்புக் குறைவாயிருந்தது. அப்படியானால் மருந்தினால் அதன் அளவை உயர்த்திவிடலாமே என்று தோன்றுவது இயல்பு. அவ்வாறு வெகுவாக உயர்த்திய ‘டார்செட்ராபிப்’ என்னும் மருந்தின் சோதனை, மருந்து உட்கொண்டவர்களிடம் மரணம் மிகுந்தமையால் 2006-ல் நிறுத்தப்பட்டது. அதற்கு நேர்மாறாக, இத்தாலியில் கார்டா ஏரிக்கரையிலுள்ள லிமோனே என்னும் சிற்றூரில், ஏ-1 புரதத்தில் ஒரு பரம்பரை மாறுதலைப் பெற்ற குடும்பத்தினர், எச்.டி.எல். மிகக் குறைந்திருந்தும் இருதய நோயின்றி வாழ்ந்ததை 1980-ஆம் ஆண்டையொட்டி மிலான் நகர வைத்தியர்கள் கண்டறிந்தார்கள். சல்லடையில் பெருத்து நின்ற பருப்பெல்லாம் நல்ல காப்பியாகிவிடாதது போலவே, சோதனைச் சீட்டில் உயர்ந்து நிற்கும் எண்ணும் அத்துகள் செம்மையாய்ப் பணிபுரிகிறது என்பதற்கு அத்தாட்சி ஆகாது.

ஆகவே மலைக்காப்பியின் மீது பழி சுமத்துவதிலும் நியாயமில்லை, எச்.டி.எல். எண்ணைக் கண்டு மகிழ்ந்துபோவதிலும் பிரயோஜனமில்லை. ஒரே பருப்பு, தூளைக் கொதிக்கவிட்டு மண்டியோடு இறுத்துக் குடிக்கும்போது ஒரு விதமாகவும், காகிதத்தில் வடிந்து வரும்போது வேறு விதமாகவும் சரீரத்தில் நடந்துகொள்கிறது. காப்பி விளைவிப்பவர் விதையிலும் நிழலிலும் காட்டும் சிரத்தையில் ஒரு பங்கை, குடிப்பவர் வடிகட்டுவதில் காட்டினால் போதும். எண்ணெயின் பெரும்பகுதி மண்டியோடு நின்றுவிடும்.