அதியமான்கோட்டைச் சாலையும் மதுச் சட்டங்களும்

தருமபுரிக்கு அருகே அதியமான்கோட்டையில் தொடங்கி, பாலக்கோடு, ராயக்கோட்டை வழியாக ஓசூரை அடைகிறது ஒரு சாலை. அது தொடங்கும் ஊரின் பெயரே கள்ளை நினைவூட்டுவது. அதியமான் இறந்தபின் ஔவையார் பாடிய கையறுநிலையில் (புறநானூறு 235) அவனுடைய ஈகைக்கு முதற்சான்றாக வருவது அவன் கள்ளைப் பகிர்ந்த விதமே. வகுப்பில் இதைச் சொன்னால் மாணவர்கள் சிரிப்பார்கள். பிறகு யாராவது ஒருவர், "அப்புறம் ஏன் சார் இத்தனை சட்டம்?" என்று கேட்பதும் உண்டு. அதற்கு விடை சொல்ல 1937க்கு வர வேண்டியிருக்கிறது.

அவ்வாண்டு ஜூலையில் சென்னை மாகாணப் பிரதமரான ராஜாஜி, அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1965இல் பிரிந்த தருமபுரி, 2004இல் அதிலிருந்து பிரிந்த கிருஷ்ணகிரி ஆகிய இன்றைய மாவட்டங்களும் அன்று சேலத்துக்குள் அடங்கியிருந்தன. ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி ஓசூருக்குப் பக்கத்துக் கிராமம். திருச்செங்கோடு ஆசிரமத்திலிருந்தபோது கல்கியைத் துணைக்கு வைத்துக்கொண்டு, மதுவிலக்குக்காகவே 'விமோசனம்' என்றோர் இதழை நடத்தியவர் அவர். (நம் இதழியல் வரலாறுகளில் அதற்கு இன்னும் கொஞ்சம் இடம் கிடைத்திருக்கலாம்.) அன்றைய சட்டத்தின் பார்வை குடிப்பவனின் வீட்டின்மீது இருந்தது. வாங்கிய கூலி வீடு வந்து சேருமா என்பதே அதன் கவலை. சாலை அதன் கண்ணில் படவில்லை. படுவதற்கு அன்று இவ்வளவு வண்டிகளும் இல்லை.

கள், சாராய வருவாய் போனால் கஜானா என்னாகும்? 1939இல் பொது விற்பனை வரி வந்தது. போரின்போது மதுவிலக்கு தளர்ந்து, 1948இல் மாகாணம் முழுவதற்கும் விரிந்து, 1971இல் நிறுத்தப்பட்டு, 1974இல் மீண்டு, 1981இல் மறுபடியும் தளர்ந்தது. 1983இல் டாஸ்மாக் பிறந்தது. 2003இல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. மது திரும்பி வந்தபின்னும் விற்பனை வரி போகவில்லை. 2017இல் சரக்கு சேவை வரி வந்தபோது பெரும்பாலான பொருள்கள் அந்தப் பழைய வரியின் வாரிசிடமிருந்து விடுபட்டன. இன்னும் அதன் பிடியில் இருப்பவற்றில் முக்கியமானவை இரண்டு: பெட்ரோல்வகை எரிபொருள்களும் மதுவும். இதைவிட விசித்திரம், இன்றைய அரசு மதுக்கடைகளுக்கான விதிகள் அனைத்தும் அதே 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தின்கீழ் பிறப்பிக்கப்பட்டவை என்பது. மதுவை விலக்க எழுதிய சட்டத்தைக் கொண்டே மது விற்கப்படுகிறது.

எல்லைப்புறத்துக்காரர்களான நமக்கு இன்னொன்றும் தெரியும். ஒரு பக்கத்துச் சட்டம் மறுபக்கத்தில் விளைவை உண்டாக்கும். கர்நாடகம் 2007 ஜூலையில் சாராயத்தைத் தடை செய்தது. 2008 மே மாதம் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயத்துக்குப் பெங்களூர், கோலார் பகுதிகளிலும் கிருஷ்ணகிரி மாவட்டத்திலுமாக 150க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். விஷம் அத்திப்பள்ளிச் சோதனைச்சாவடியில் நின்றுவிடவில்லை.

சாலை சட்டத்தின் கண்ணில் நன்றாகப் பட்டது 2016 டிசம்பர் 15 அன்று. தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்கில் மேல்முறையீட்டாளர்களில் தமிழ்நாடு அரசும் ஒன்று. 20,000 பேருக்கும் குறைந்த ஊர்களுக்கு இந்தத் தூரம் பின்னர் 220 மீட்டராகக் குறைக்கப்பட்டது. தமிழகத்தில் 3,000க்கும் மேற்பட்ட கடைகள் மூடப்பட்டன. அவற்றுக்கு மாற்றிடம் தேடி அரசு குடியிருப்புகளுக்குள் நுழைந்தபோது, சாமளாபுரம் முதலிய ஊர்களில் பெண்கள் சாலைக்கு வந்து போராடினார்கள். 1937இன் சட்டம் காக்க நினைத்த வீடுகளின் வாசலுக்கே கடை வந்துவிட்டது.

தீர்ப்பின் நோக்கத்தில் எனக்குக் குறை இல்லை. ஆனால் கடை அரைக் கிலோமீட்டர் தள்ளிப் போனால், வண்டி வைத்திருப்பவன் அந்த அரைக் கிலோமீட்டரையும் வண்டியிலேதான் போவான், வண்டியிலேதான் திரும்புவான். கடைக்கும் சாலைக்கும் இடையிலுள்ள தூரத்தைவிட, ஓட்டுபவனின் ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்பதே உயிரை முடிவு செய்கிறது. அதற்கு 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவு இருக்கிறது: 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் கூடாது. இங்கிலாந்தில் 80 வரை அனுமதி, 2014இலிருந்து ஸ்காட்லாந்தில் 50, ஸ்வீடனில் 20. முதல் குற்றத்துக்கு 2,000 ரூபாயாக இருந்த அபராத உச்சம் 2019இல் 10,000 ஆனது. ஒரு ஷிப்டுத் தொழிலாளியின் பாதி மாதச் சம்பளம் போகிறதே என்று வருந்துகிறவர்கள் உண்டு. அந்த வருத்தம் எனக்கும் புரிகிறது. என்றாலும் இதை மிகையான கடுமை என்று என்னால் சொல்ல முடியவில்லை. குடிப்பவன் கள்ளுக்கடைத் திண்ணையில் விழுந்து கிடந்தால் கெடுவது அவனும் அவன் குடும்பமும். ராயக்கோட்டைச் சாலையில் எதிரே தக்காளிக் கூடையோடு மொபெட்டில் வருகிறவர் அந்தக் கணக்கில் சேர்ந்தவர் அல்லர்.

மிகையாகத் தோன்றுவது மீட்டர் கணக்கு. பள்ளியிலிருந்தும் கோயிலிலிருந்தும் கடை நகரங்களில் 50 மீட்டர், மற்ற இடங்களில் 100 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும் என்று விதி அளக்கிறது. இரவு பத்து மணிக்குக் கடை அடைத்தபின், குடித்தவன் தன் கிராமத்துக்குப் போக அங்கிருந்து ஒரு பேருந்தாவது உண்டா என்று அது கேட்பதில்லை.