பிற வருமானம் உள்ளவர்: இந்திய அஞ்சல் பட்டுவாடாவில் நிரந்தரமற்ற உழைப்பின் வரலாறு

ஆய்வின் நோக்கம்

கைபேசிச் செயலி வழியாக வேலை பெற்றுப் பொட்டலங்களை வீடுவீடாகச் சேர்ப்பவரை ஊழியர் என்று கொள்வதா, தனித்தொழில் செய்பவர் என்று கொள்வதா என்னும் வழக்கு கடந்த பத்தாண்டுகளில் பல நாடுகளின் நீதிமன்றங்களுக்குச் சென்றிருக்கிறது. தொழில்நுட்பம் கொண்டுவந்த புதிய சிக்கலாகவே பலரும் இதைப் பார்க்கிறார்கள். இந்திய அஞ்சல் துறையைப் பொறுத்தவரை இது ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேற்பட்ட சிக்கல். கடிதம் கொண்டுசேர்க்க ஆட்களை அமர்த்தி, அவர்களின் வேலையை விதிகளால் கட்டுப்படுத்தி, அதே நேரத்தில் அவர்களை அரசுப் பணிக்கு வெளியே நிறுத்தும் ஏற்பாட்டை அத்துறை பிரிட்டிஷ் காலத்திலேயே செய்துவிட்டது.

அந்த ஏற்பாடு எந்த ஊகத்தின் மேல் எழுப்பப்பட்டது, அந்த ஊகம் எப்போது பொய்த்தது, பொய்த்த பிறகும் அது எப்படி நிலைத்தது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. பகுதி நேர வேலை என்பது ஒன்று, ஊழியர் என்ற தகுதி மறுக்கப்படுவது வேறொன்று. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழைத்ததே இந்த வரலாற்றின் மையப் பிழை என்பது இக்கட்டுரையின் வாதம்.

ஓட்டக்காரரிலிருந்து கிளை அஞ்சலகம் வரை

1854ஆம் ஆண்டு அஞ்சல் சட்டம் இந்தியத் தபாலைத் தலைமை இயக்குநர் ஒருவரின் கீழ் கொண்டுவந்தது. டல்ஹௌசி ஆட்சிக் காலத்தில் வந்த அந்தச் சட்டத்தோடு, தூரத்தைக் கணக்கில் கொள்ளாத சீரான கட்டணமும் அரை அணா தபால்தலையும் வந்தன. ஆனால் துறையின் நேரடி வலைப்பின்னல் நகரங்களையும் பெருஞ்சாலைகளையும் ஒட்டியே இருந்தது. உள்நாட்டுப் பகுதிகளில் மாவட்டத் தபால் என்ற தனி ஏற்பாடு இயங்கியது. வங்காளம் போன்ற இடங்களில் அதன் செலவு ஜமீன்தார்களின் தலையில் விழுந்தது. தெற்கே திருவிதாங்கூர் அரசு அஞ்சல் என்ற தன் சொந்தச் சேவையை நடத்தியது. சலங்கை கட்டிய கோலுடன் அஞ்சலோட்டக்காரர்கள் ஓடிய அந்தச் சேவை 1951இல்தான் இந்திய அஞ்சலோடு இணைந்தது. மாவட்டத் தபாலோ இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்துக்குள் படிப்படியாகத் துறையின் கைக்கு வந்துவிட்டது.

கிராமங்களின் பொறுப்பு கைக்கு வந்தபோது துறைக்கு ஒரு நடைமுறைக் கேள்வி எழுந்தது. நாளொன்றுக்குச் சில கடிதங்களே வரும் ஊரில் முழுநேரச் சம்பளத்துக்கு ஒருவரை எப்படி அமர்த்துவது? துறை கண்ட விடை, ஊரில் ஏற்கெனவே வேறு பிழைப்பு உள்ளவரிடம் இந்த வேலையைச் சேர்த்து ஒப்படைப்பது. பள்ளி ஆசிரியர், மளிகைக் கடைக்காரர், நிலக்கிழார் என எழுதப் படிக்கத் தெரிந்த, கைச்செலவுக்குத் தட்டுப்பாடில்லாத ஒருவர் ஓய்வு நேரத்தில் தபாலைப் பார்த்துக்கொள்வார்; துறை அவருக்கு ஒரு சிறு படி தரும். இவர்களே எக்ஸ்ட்ரா டிபார்ட்மெண்டல் ஏஜெண்டுகள். ஊர் வழக்கில் இ.டி. பிற்காலத்தில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் இம்முறையின் தோற்றத்தை 1854 என்றே குறித்து, மேற்சொன்ன நோக்கத்தையும் விரித்துரைத்தது.

தொடக்கத்தில் இந்த ஏற்பாட்டில் நியாயம் இருந்தது. ஆசிரியருக்குச் சம்பளம் பள்ளியிலிருந்து வந்தது. கடைக்காரருக்குத் தபால் வாங்க வருபவர்களும் வாடிக்கையாளர்களே. ஊகமும் உண்மையும் பெரும்பாலும் ஒத்துப்போன காலம் அது. ஆனால் வேலை அப்படியே நிற்கவில்லை. 1880இல் மணியார்டரும் 1882இல் சேமிப்பு வங்கியும் அஞ்சலகத்துக்கு வந்தன. கடிதம் கொடுப்பவர் பணமும் கொடுப்பவரானார். பணம் வந்ததும் பொறுப்பும் கணக்கும் தண்டனையும் உடன் வந்தன.

ஒரு கிளை அஞ்சலகத்தின் வேலைநாள்

இந்த உழைப்பின் தன்மையை அறிய, கிளை அஞ்சலகத்தின் ஒரு நாளைப் பார்த்தாலே போதும். காலையில் கணக்கு அலுவலகத்திலிருந்து பை வருகிறது. முத்திரையைச் சரிபார்த்துப் பையைத் திறந்து, உள்ளிருக்கும் பட்டியலான பி.ஓ. சிலிப்போடு பதிவுத் தபால், மணியார்டர், ரொக்கம் ஆகியவற்றை ஒத்துப்பார்க்க வேண்டும். ஒரு பதிவுத் தபால் குறைந்தாலும் அந்த இடத்திலேயே குறித்தாக வேண்டும். பிறகு தேதி முத்திரை, பதிவேட்டில் பதிவு. அதன்பின் டெலிவரி ஏஜெண்ட் சைக்கிளை எடுத்துக்கொண்டு தன் பீட்டில், அதாவது பட்டுவாடா எல்லையில், இருக்கும் ஊர்களுக்கும் குக்கிராமங்களுக்கும் கிளம்புகிறார். பதிவுத் தபாலுக்குக் கையெழுத்து, மணியார்டருக்குக் கையெழுத்து அல்லது கைநாட்டு. வீடு பூட்டியிருந்தால் மறுநாளும் அதே வழி. மாலையில் கட்டும் பையில் அன்றைய தினக்கணக்கு பைசா பிசகாமல் போக வேண்டும்.

இத்தனையும் நடந்த இடம் பெரும்பாலும் போஸ்ட் மாஸ்டரின் சொந்த வீட்டுத் திண்ணை அல்லது முன்னறை. அலுவலகத்துக்கு இடம் தருவது அவர் கடமை. விடுப்பு எடுத்தால் பதிலாள் ஒருவரை ஏற்பாடு செய்வதும் அவர் பொறுப்பு. பணிக்கு வரும்போதே பிணைத் தொகைக்கு உத்தரவாதம் காட்ட வேண்டும். இடம், வாகனம், பதிலாள் எல்லாம் தொழிலாளியுடையவை. கட்டுப்பாடு மட்டும் துறையுடையது.

விரிவாக்கத்தின் விலை

விடுதலையின்போது நாட்டில் 23,344 அஞ்சலகங்கள் இருந்தன. அவற்றில் 19,184 கிராமங்களில் இருந்தன. இன்று அந்த எண்ணிக்கை ஒன்றரை லட்சத்தைத் தாண்டிவிட்டது. உலகின் மிகப் பெரிய அஞ்சல் வலைப்பின்னல் என்று நாம் பெருமையோடு சொல்வது இதைத்தான். இந்த வளர்ச்சியைச் சுமந்தவை இ.டி. கிளை அஞ்சலகங்களே. 2018இல் அரசு சொன்ன கணக்குப்படி அவை சுமார் 1.29 லட்சம்.

புதுக் கிளை திறப்பதற்கான அளவுகோல் இதைத் தெளிவாகக் காட்டுகிறது. சாதாரணக் கிராமப் பகுதியில் எதிர்பார்க்கும் வருமானம் செலவில் மூன்றில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். மலை, பாலைவன, பழங்குடிப் பகுதிகளில் 15 சதவீதம் இருந்தால் போதும். எஞ்சிய நட்டத்தை அரசு ஏற்கிறது. இது நல்ல கொள்கை. மலைவாழ் மக்களுக்கும் கடிதம் கிடைக்க வழிசெய்த கொள்கை. ஆனால் அந்தச் செலவுக் கணக்கு குறைவாக நின்றதற்குக் காரணம் ஊழியருக்குத் தந்த படி குறைவாக இருந்ததே. சமூகம் பெற்ற சேவையின் ஒரு பகுதிச் செலவைச் சம்பளம் என்றுகூடச் சொல்லப்படாத ஒரு தொகையை வாங்கியவர்கள் சுமந்தார்கள். சமூக நலத்துக்கான மானியம் அரசிடமிருந்து மட்டும் வரவில்லை, அவர்களிடமிருந்தும் வந்தது.

நீதிமன்றத்தின் விடை

1964ஆம் ஆண்டு நடத்தை மற்றும் பணி விதிகள் இவர்களை அரசுப் பணிக்கு வெளியே வைத்தன. விதிகள் தந்த கடுமையான கருவி ‘புட் ஆஃப் டூட்டி’. ஒருவர்மீது புகார் வந்தால் விசாரணை முடியும்வரை அவரை வேலையிலிருந்து நிறுத்திவைக்கலாம். அக்காலத்துக்கு ஒரு பைசாவும் தர வேண்டியதில்லை. இடைநீக்கம் செய்யப்பட்ட அரசு ஊழியருக்குப் பிழைப்பூதியம் உண்டு. இவருக்கு அது வேண்டாம், ஏனென்றால் இவருக்குப் ‘பிற வருமானம்’ இருக்கிறது! ஒரு நூற்றாண்டுக்கு முந்தைய ஊகம் இப்படித்தான் தண்டனையாக உருமாறியது. இவ்விதி செல்லாதென்று மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்தின் பெங்களூர் அமர்வு முடிவுசெய்தது. 1995இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அதன் பிறகே நிறுத்திவைப்புக் காலத்துக்கு ஏதோ ஒரு தொகை கிடைத்தது.

இதைவிட அடிப்படையான தீர்ப்பு 1977ஆம் ஆண்டு பி.கே. ராஜம்மா வழக்கில் வந்தது. முறையான விசாரணை இல்லாமல் நீக்கப்பட்ட இ.டி. ஊழியர்கள் அரசமைப்புச் சட்டத்தின் 311ஆவது பிரிவு தரும் பாதுகாப்பைக் கோரினார்கள். அவர்கள் தற்செயல் கூலிகள் அல்லர், அரசின் நிர்வாகக் கட்டுப்பாட்டின் கீழுள்ள ஒரு பதவியை வகிப்பவர்கள் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. அது கையாண்ட அளவுகோல் கவனிக்கத்தக்கது. தேர்ந்தெடுப்பவர் யார், நியமிப்பவர் யார், வேலை செய்யும் முறையைக் கட்டுப்படுத்துபவர் யார், நீக்கும் அதிகாரம் யாரிடம்? இந்த அளவுகோல் கனக் சந்திர தத்தா வழக்கிலிருந்து வந்தது. நிலவரி வசூலித்து, சம்பளத்துக்குப் பதிலாகக் கமிஷன் பெற்ற அஸ்ஸாம் மௌஜாதாரும் அரசுப் பதவியில் இருப்பவரே என்று அவ்வழக்கில் முடிவாகியிருந்தது. ஊதியம் எந்த வடிவில் வருகிறது என்பது உறவைத் தீர்மானிப்பதில்லை. கட்டுப்பாடு யார் கையில் என்பதே தீர்மானிக்கிறது.

ஆனால் நீதிமன்றம் திறந்த கதவு பாதியில் நின்றது. இவர்கள் பதவி வகிப்பவர்கள். ஆனால் வழக்கமான அரசுப் பணித்தொகுதிக்கு வெளியே இருப்பவர்கள். 2001இலும் 2011இலும் வந்த விதிகள் இந்தப் பாதி நிலையை எழுத்தில் உறுதியாக்கின. நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. 65 வயதுவரை பணி. பிற வழியில் போதிய பிழைப்பு இருக்க வேண்டும். அரசு ஊழியருக்குச் சமம் என்று உரிமை கோரக் கூடாது. அதற்குள் இவர்களுக்குக் கிராமிண் டாக் சேவக், சுருக்கமாக ஜி.டி.எஸ்., என்ற புதுப் பெயர் வந்துவிட்டது, நிலை மாறவில்லை. 2019இல் காந்திபா பெஹரா வழக்கில், ஜி.டி.எஸ். ஆக உழைத்த ஆண்டுகளை ஓய்வூதியத் தகுதிக்குச் சேர்த்துக் கணக்கிட முடியாது என்று உச்ச நீதிமன்றம் முடிவுசெய்தது. பல்லாண்டு உழைத்துக் கடைசியில் நிரந்தரப் பணிக்கு வந்தவருக்கு அந்த இளமைக் காலம் கணக்கில் இல்லாமல் போயிற்று.

குழுக்களும் போராட்டங்களும்

சவூர் குழு, நீதிபதி சரண்ஜித் தல்வார் குழு, நடராஜமூர்த்தி குழு, கமலேஷ் சந்திரா குழு என இவர்களின் நிலையை ஆராயக் குழுக்கள் வந்துகொண்டே இருந்தன. ராஜம்மா தீர்ப்பை அடியொற்றி, இவர்களுக்கு வேலை நேரத்துக்கு ஈடான விகிதத்தில் உரிமைகள் வேண்டும் என்ற திசையில் 1997இல் அறிக்கை அளித்தது தல்வார் குழு. அதன் விளைவாக 1998இல், ஊழியர்கள் டி.ஆர்.சி.ஏ. என்று சொல்லும், நேரத்தோடு இணைந்த படி நடைமுறைக்கு வந்தது. படிக்கு ஆண்டு உயர்வு கிடைத்தது, ஓய்வூதியம் கிடைக்கவில்லை.

2016இல் கமலேஷ் சந்திரா குழு அறிக்கை தந்தும் முடிவு தள்ளிப்போனது. 2018 மே 22 அன்று நாடு முழுவதும் ஜி.டி.எஸ். ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள்; ஜூன் 6 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. 3.07 லட்சம் பேருக்குப் பலன் என்று அரசு அறிவித்தது. நான்கு மணி நேர வேலைக்குக் கிளை போஸ்ட் மாஸ்டருக்கு மாதம் 12,000 ரூபாய், மற்றவர்களுக்கு 10,000 ரூபாய். ஐந்து மணி நேரமானால் முறையே 14,500, 12,000 ரூபாய்.

அதற்குள் வேலையின் உருவமே மாறியிருந்தது. நூறு நாள் வேலைத் திட்டக் கூலி அஞ்சலகக் கணக்கு வழியே வந்தது. கிராமக் கிளைகளைக் கணினிமயமாக்கும் தர்பன் திட்டத்தில் கையடக்கக் கருவிகள் வந்தன. 2018 செப்டம்பரில் அஞ்சல் பேமெண்ட்ஸ் வங்கி தொடங்கி, வாசலிலேயே பணம் எடுத்துத் தரும் வேலையும் சேர்ந்தது. ஓய்வு நேரத்தில் கடிதம் பார்த்துக்கொள்ளும் கடைக்காரர் இந்தச் சித்திரத்தில் எங்கும் இல்லை. இன்று இப்பணிக்குப் பத்தாம் வகுப்பு மதிப்பெண் அடிப்படையில் விண்ணப்பிக்கும் இளைஞருக்கு இதுவே பிழைப்பு.

செயலி வழிப் பட்டுவாடா

2020ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு கிக் தொழிலாளரை வரையறுத்தபோது, வழக்கமான முதலாளி–தொழிலாளி உறவுக்கு வெளியே சம்பாதிப்பவர் என்றது. நிதி ஆயோக் 2022இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி 2020–21இல் இவர்கள் 77 லட்சம் பேர், 2029–30இல் 2.35 கோடியாகக்கூடும். பொட்டலம் சேர்ப்பவர்கள் அவர்களில் ஒரு பெரும் பிரிவு.

இரு ஏற்பாடுகளுக்கும் உள்ள ஒற்றுமை மேலோட்டமானதன்று. அன்று சொந்தத் திண்ணை, சொந்தச் சைக்கிள். இன்று சொந்த வண்டி, சொந்த பெட்ரோல். அன்று புட் ஆஃப் டூட்டி. இன்று செயலிக் கணக்கையே முடக்கும் ஐடி பிளாக். அன்று ‘பிற வருமானம் உண்டு’. இன்று ‘விரும்பிய நேரத்தில் வேலை’. இரண்டிலும் தொழிலாளியின் வாழ்க்கையைப் பற்றிய ஓர் ஊகமே அவருடைய உரிமையைக் குறைக்கும் காரணமாகிறது; அந்த ஊகம் இன்று உண்மைதானா என்று சரிபார்ப்பது யாருடைய கடமையாகவும் இல்லை.

வேறுபாடும் முக்கியமானது. இ.டி. ஊழியருக்கு எழுத்தில் விதி இருந்தது, முகவரியுள்ள மேலதிகாரி இருந்தார், 311ஆவது பிரிவு இருந்தது. செயலித் தொழிலாளியின் முன் இருப்பது தனியார் ஒப்பந்தம். அரசமைப்பின் அந்தப் பாதுகாப்பு அவரை எட்டாது. ஆகவே அவர் தொடங்கும் இடம் 1964இன் ஊழியர் நின்ற இடத்துக்கும் கீழே. ராஜஸ்தான் 2023இல் இயற்றிய தனிச்சட்டமும், அதே ஆண்டு டிசம்பரில் தமிழ்நாடு அமைத்த நல வாரியமும் வரவேற்கத்தக்க தொடக்கங்கள். ஆனால் நலவுதவி ஒன்று, ஊழியர் என்ற தகுதி வேறொன்று. அஞ்சல் துறையின் அனுபவத்தில் முன்னது சிறுகச் சிறுக வந்தது. பின்னது இன்றுவரை முழுமையாக வரவில்லை.

முடிவுரை

நாளொன்றுக்கு நான்கு மணி நேர வேலையே உள்ள ஊரில் எட்டு மணி நேரப் பணியாளரை அமர்த்துவது சரியன்று என்ற அஞ்சல் துறையின் தொடக்க வாதம் இன்றும் செல்லும். ஆனால் அந்த வாதத்திலிருந்து கிடைப்பது குறைந்த நேரமும் அதற்கேற்ற ஊதியமும் மட்டுமே. நான்கு மணி நேரம் வேலை செய்பவருக்குப் பாதிச் சம்பளம், பாதி ஓய்வூதியம், நோய்க்கும் விபத்துக்கும் முழுப் பாதுகாப்பு என்று வகுத்திருந்தால் கணக்கில் எந்த முரணும் வந்திருக்காது. ஊழியரே அல்லர் என்று விலக்கிவைத்ததற்கு அந்த வாதத்தில் இடமில்லை. செலவை வேறொருவர்மேல் தள்ளும் வசதி மட்டுமே அதற்குக் காரணம்.

கிக் தொழிலுக்குச் சட்டம் எழுதுவோர் இந்த வரலாற்றிலிருந்து இரண்டைக் கொள்ளலாம். தொழிலாளியின் தகுதியை அவருக்குப் பிற வருமானம் உண்டா என்பதைக் கொண்டன்று, அவர் வேலையைக் கட்டுப்படுத்துபவர் யார் என்பதைக் கொண்டே தீர்மானிக்க வேண்டும். ராஜம்மா வழக்கின் அளவுகோல் இதற்குப் போதும். அந்தத் தீர்மானத்தைத் தொடக்கத்திலேயே செய்துவிட வேண்டும். தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பதற்கு இ.டி. ஊழியர்களின் பல தலைமுறைகள் சான்று. 1977இல் உச்ச நீதிமன்றம் பாதி ஏற்ற உரிமையின் மறுபாதிக்காக அவர்கள் இன்றும் மனுவோடு நிற்கிறார்கள்.