தொப்பியும் தலைப்பாகையும்

கண்ணாடி முன் நின்று, எந்தத் தொப்பி முகத்துக்குப் பொருந்தும் என்று யோசிக்கிறவன் பாக்கியசாலி. பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரியில் அது அழகுப் பிரச்னை மட்டுமல்ல.

1881 செப்டம்பர் 21-ல் ஒரு சட்டம் வந்தது. குல வழக்கத்தைத் துறப்பதாக எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சுச் சிவில் சட்டம் உங்களுக்கும் உண்டு. புதுக் குடும்பப் பெயரும் உண்டு. வக்கீல் பொன்னுத்தம்பிப் பிள்ளை ‘லாபோர்த்’ ஆனார். பிரெஞ்சில் வாசல் என்று அர்த்தம்! அவருக்குத் தகராறு காலில் தொடங்கியது. 1873-ல் பூட்ஸ் அணிந்து கோர்ட்டுக்கு வந்ததற்காகத் தடுக்கப்பட்டு, பாரிஸ் வரை வழக்காடி வென்றவர்.

சட்டத்தில் தொப்பியைப் பற்றி ஒரு வார்த்தையும் கிடையாது. ஆனால் துறந்தவர்கள் துரை உடைக்கு மாறினார்கள். உடையோடு தொப்பியும் வந்தது. வில்லியனூரிலோ பாகூரிலோ நாலு காணி நிலம் வைத்திருந்தவன் தலைப்பாகையை லேசில் இறக்குவானா? அப்பன் சொத்தும் மகள் கல்யாணமும் வேறு சட்டத்துக்குப் போய்விடுமே! கையெழுத்திட்டவர்களில் தாழ்த்தப்பட்டவர்களும் கிறிஸ்தவர்களுமே அதிகம். ஊர் அவர்களைத் தலைப்பாகை கட்ட விட்டிருந்தால்தானே இறக்குவதற்கு!

1954-ல் பிரெஞ்சு ஆட்சி போயிற்று. அந்தப் பட்டாளத்துச் சிவப்புக் கெப்பி மட்டும் போகவில்லை. பாகூர்ப் பக்கம் போனால் பாருங்கள், போலீஸ்காரர் தலையில் இன்னும் இருக்கிறது.