ஹிட்லர் குண்டு கேட்காம இருந்திருந்தா...?

இரண்டாம் உலகப்போரைப் பத்தி "அப்படி நடந்திருந்தா?"ன்னு பேச ஆரம்பிச்சா, பேச்சு சுத்திச் சுத்தி ஒரு விமானத்துல வந்து நிக்கும். மெஸ்ஸர்ஷ்மிட் 262. போர்க்களத்துக்கு வந்த முதல் ஜெட் சண்டை விமானம். மணிக்கு சுமார் 870 கி.மீ. வேகம். அமெரிக்காவோட முஸ்டாங்கை விட 150 கி.மீ.க்கும் மேல அதிகம்.

வழக்கமா சொல்ற கதை இதுதான். 1943 நவம்பர்ல இன்ஸ்டர்புர்க்ல இந்த விமானத்தைப் பார்த்த ஹிட்லர், இது குண்டு தூக்குமான்னு கேட்டார். 1944 மே மாசம், இதைக் குண்டுவீச்சு விமானமாத்தான் பண்ணணும்னு ஒரே பிடிவாதம். அதனாலதான் எல்லாம் கெட்டுப்போச்சுன்னு போருக்கப்புறம் பலரும் எழுதினாங்க. செத்துப்போனவர் தலையில பழியைப் போடுறது சுலபம், இல்லையா? :-)

எனக்கு இந்தக் கதையில நம்பிக்கை இல்லை. சிக்கல் ஹிட்லர்கிட்ட இல்லை, இன்ஜின்ல இருந்தது.

தேதிகளைப் பாருங்க. 1941 ஏப்ரல் 18ல 262 முதல்முறையா பறந்தது. எப்படி? மூக்குல ஒரு சாதா பிஸ்டன் இன்ஜினை மாட்டிக்கிட்டு! ஜெட் இன்ஜின் தயாராகலை. 1942 மார்ச் 25ல ரெண்டு பி.எம்.டபிள்யூ ஜெட் இன்ஜின் மாட்டினாங்க. ரெண்டுமே பாதியில படுத்துடுச்சு. கழட்டாம விட்டிருந்த பிஸ்டன் இன்ஜின்தான் விமானத்தைத் தரைக்குக் கொண்டுவந்தது. 1942 ஜூலை 18லதான், யுங்கர்ஸ் கம்பெனியோட யூமோ 004 இன்ஜின்களை மட்டுமே நம்பி ஃப்ரிட்ஸ் வெண்டல் பறந்தார்.

அதை வடிவமைச்ச ஆன்செல்ம் ஃப்ரான்ஸ் கெட்டிக்காரர்தான். ஆனா ஜெட் இன்ஜினோட உள்பாகங்கள் பயங்கரமான சூட்டைத் தாங்கணும். அதுக்கு நிக்கல், குரோமியம் வேணும். ஜெர்மனியில ரெண்டுக்கும் தட்டுப்பாடு. அதனால எரிகலனை சாதாரண எஃகுல செஞ்சு, மேல அலுமினியப் பூச்சு கொடுத்தாங்க. டர்பைன் பிளேடுகளை உள்ளே குழாய் மாதிரி ஆக்கி, அதுவழியா காத்தை விட்டுக் குளிர வெச்சாங்க. மூளைக்கு நூத்துக்கு நூறு மார்க் போடலாம். ஆனா ஆயுசு? கணக்குப்படி 25 மணி நேரம். நடைமுறையில பல சமயம் 10 மணி நேரம்தான். அதே காலத்துல நிக்கல் கலவை வெச்சிருந்த பிரிட்டிஷ் மீட்டியாரோட இன்ஜின், 180 மணி நேரம் ஓடின பிறகுதான் பட்டறைக்குப் போகணும்.

இந்த இன்ஜின்கள் எண்ணிக்கையில வர ஆரம்பிச்சதே 1944 நடுவுலதான். விமானக்கூடு இன்ஜினுக்காகக் காத்துக்கிட்டு இருந்தது. ஹிட்லர் வாயே திறக்காம இருந்திருந்தாலும் பெருசா எதுவும் மாறியிருக்காது.

அப்ப வரலாற்றை எங்கே திருப்பணும்? 1939க்குப் போகணும். அந்த வருஷம் ஆகஸ்ட் 27, போர் தொடங்க அஞ்சு நாள் முன்னாடி, உலகத்தோட முதல் ஜெட் விமானமான ஹைன்கல் 178 பறந்துடுச்சு. இன்ஜின் செஞ்சவர் ஹான்ஸ் ஃபோன் ஓஹைன். அன்னைக்கே அரசாங்கம் பணத்தைக் கொட்டியிருந்தா? ஒரு வருஷம் மிச்சமாகியிருக்கலாம். ஆனா பணத்தைக் கொட்டினா மண்ணுல நிக்கல் முளைக்காதே.

சரி, ஒரு பேச்சுக்கு எல்லாமே கிடைச்சதுன்னு வெச்சுக்குவோம். அந்த இன்ஜின்களை யார் செய்வா?

இந்தக் கேள்வியை "அப்படி நடந்திருந்தா?" கோஷ்டி கேக்கறதே இல்லை. நார்ட்ஹவுசன் பக்கத்துல கோன்ஸ்டைன் மலையைக் குடைஞ்ச சுரங்கங்கள்ல, வி-2 ராக்கெட் ஆலைக்குப் பக்கத்திலேயே யூமோ 004 இன்ஜினும் செஞ்சாங்க. வேலை செஞ்சவங்கள்ல மிட்டல்பாவ்-டோரா வதைமுகாம் கைதிகளும் உண்டு. அந்த முகாமுக்கும் அதோட கிளைகளுக்கும் கொண்டுவரப்பட்டவங்க சுமார் 60,000 பேர். செத்தவங்க சுமார் 20,000. மூணுல ஒருத்தர். கூடுதல் இன்ஜின்னா கூடுதல் சுரங்கம், கூடுதல் பிணம்.

இன்னொண்ணு. ஜெட் விமானங்களால போர் சில மாசம் இழுத்திருந்தா ஜெர்மனி ஜெயிச்சிருக்குமா? ஜெர்மனி சரணடைஞ்சது 1945 மே. அமெரிக்கா அணுகுண்டைச் சோதிச்சது அதே வருஷம் ஜூலை 16. ஜெர்மனி முந்திக்கும்ங்கிற பயத்துல தொடங்கின திட்டம் அது. முதல் குண்டு ஹிரோஷிமாவுக்குப் பதிலா பெர்லின்ல விழுந்திருக்கலாம். இது என் ஊகம்தான், ஆனா மத்த ஊகங்களை விட இதுக்குப் பலம் அதிகம்.

262 அழகான விமானம், மறுக்கலை. ஆனா அது தாமதமா வந்ததுக்காக வருத்தப்பட என்னால முடியாது. நீங்க என்ன நினைக்கறீங்க மக்களே?