குரல் அவளுடையது, பெயர் யாருடையது?

இசை அரங்குக்குச் செல்கிறோம். மேடையில் ஒரு மங்கை அமர்ந்து பாடுகிறாள். குரல் குழைகிறது, கூடம் உருகுகிறது, தலைகள் அசைகின்றன, கைகள் தாளமிடுகின்றன. பாட்டு முடிந்ததும் பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுப் பாருங்கள்: "இதை இயற்றியவர் யார்?" தியாகராசர் என்பார், தீட்சிதர் என்பார், சியாமா சாஸ்திரி என்பார். மும்மூர்த்திகள்! மூவரும் ஆடவர்.

தமிழிசைக்காக வாதாடிய நாம் என்ன செய்தோம்? "அவர்களுக்கு முன்பே எங்கள் மூவர் இருந்தனர்" என்று முத்துத் தாண்டவரையும், அருணாசலக் கவிராயரையும், மாரிமுத்தாப் பிள்ளையையும் எடுத்துக் காட்டினோம். காட்டியது சரி, காட்ட வேண்டியதும்கூட. ஆனால், தோழர்களே, மூன்றோடு மூன்றைக் கூட்டி ஆறு பேரை நிறுத்தினாலும் அந்த வரிசையில் ஒரு பெண் இல்லையே! பாடுவதற்குப் பெண் வேண்டும்; படைத்தவர் பட்டியலில் மட்டும் அவளுக்கு இடம் கிடையாது. இது இயற்கையா, ஏற்பாடா?

இதற்கு விடை தேட நெடுந்தொலைவு போக வேண்டாம். அத்திப்பட்டிலிருந்தே தொடங்கலாம். சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு ஓடும் மின்சார ரயிலில் வருவோர் கண்ணுக்கு, முதலில் தெரிவது வடசென்னை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி. வேலைக்கு விரையும் இளைஞன், "இந்தச் சாம்பல் மண்ணுக்கும் இசை வரலாற்றுக்கும் என்ன தொடர்பு?" என்று கேட்கக்கூடும். தொடர்பு உண்டு. அவன் வாழும் இதே திருவள்ளூர் மாவட்டத்தின் மேற்கே, அரக்கோணம் செல்லும் ரயில் பாதையில், திருவாலங்காடு என்றோர் ஊர் இருக்கிறது. அந்த ஊரைப் பாடியவர் காரைக்கால் அம்மையார்.

பக்தர்கள் அவரை நாயன்மார் வரிசையில் வைத்து வணங்குகிறார்கள். அது அவர்கள் விருப்பம். நாம் வேறொன்றைப் பார்ப்போம். திருவாலங்காட்டைப் பற்றி அவர் பாடிய இரண்டு பதிகங்களுக்கும் பண் குறிக்கப்பட்டிருக்கிறது. ஒன்று நட்டபாடை, மற்றொன்று இந்தளம். அவற்றுக்கு 'மூத்த திருப்பதிகம்' என்று பெயர். ஏன் மூத்த? தேவாரம் பாடிய மூவருக்கும் அவர் முற்பட்டவர் என்பதால். பண்ணோடு பாடும் பதிகம் என்ற வடிவத்துக்கு முன்னோடி ஒரு பெண்! வழி வகுத்தவள் அவள். ஆனால் 'மூவர் தேவாரம்' என்றுதான் உலகம் பேசுகிறது.

அவர் கதையையும் பகுத்தறிவுக் கண்ணோடு படியுங்கள். புனிதவதி என்ற இளம்பெண். வணிகன் பரமதத்தனின் மனைவி. மாம்பழக் கதை எல்லோரும் அறிந்ததே. மனைவியிடம் தன் அறிவுக்கு எட்டாத ஆற்றல் இருப்பதைக் கண்ட கணவன் அஞ்சினான், கப்பலேறினான், பாண்டிநாட்டில் வேறொருத்தியை மணந்துகொண்டான். அவள் தேடிச் சென்றபோது காலில் விழுந்து ஒதுங்கினான். அதன்பின் அவள் கேட்டது என்ன? இந்த அழகுடல் வேண்டாம், பேயுருவம் வேண்டும் என்று! புராணம் இதை அற்புதம் என்கிறது. எனக்கு இதில் அற்புதம் தெரியவில்லை. ஒரு சமுதாயத்தின் ஒப்புதல் வாக்குமூலம் தெரிகிறது. பெண்ணுக்கு அழகிருந்தால் அவள் ஒருவனின் உடைமை. அந்த அழகைக் கழற்றி எறிந்த பிறகே அவள் தனியாக நடக்கலாம், பாடலாம், தன் பெயரைச் சொல்லலாம். பாட்டிசைக்கப் பேயாக வேண்டியிருந்தது, பெண்ணுக்கு!

காலம் மாறிற்று, தளை மாறவில்லை. 18ஆம் நூற்றாண்டுத் தஞ்சை. மராத்திய மன்னன் பிரதாபசிம்மனின் அவையில் முத்துப்பழனி என்ற கலைச்செல்வி இருந்தாள். மொழி தெலுங்கு; ஊர் தஞ்சை; பிறப்பு, பொட்டுக்கட்டும் மரபில். இசையும் கவிதையும் கற்ற அவள் 'ராதிகா சாந்த்வனம்' என்ற காவியத்தை எழுதினாள். அதன் முகப்பில் தன் கலைமரபைத் தந்தை வழியே சொல்லாமல், பாட்டியையும் அத்தையையும் முன்னிறுத்திச் சொன்னாள். 1887இல் ஒரு பண்டிதர் அந்நூலைப் பதிப்பித்தார். பதிப்பித்தபோது சில பாடல்களை நீக்கினார். அவற்றோடு அந்த முகப்பையும் நீக்கிவிட்டார்! பாட்டை வெட்டியதற்கு ஒழுக்கம் என்று காரணம் சொல்லலாம். பெண்ணின் மரபுரையை வெட்டியதற்கு என்ன காரணம் சொல்வது?

வெட்டியதை ஒட்ட முன்வந்தவரும் ஒரு பெண்தான். பெங்களூர் நாகரத்தினம்மாள் (1878-1952) முழுச்சுவடியைத் தேடிப் பிடித்து, 1910இல் முழுநூலையும் வெளியிட்டார். வந்தது எதிர்ப்பு. விதவை மறுமணத்துக்காகப் போராடிய சீர்திருத்தவாதி கந்துகூரி வீரேசலிங்கமே அந்தக் கவிதையைப் பழித்தார். ஆண் கவிஞர்கள் எழுதிக் குவித்த சிருங்காரம் இலக்கியமாம். பெண் எழுதினால் ஆபாசமாம்! வெள்ளை அரசு புத்தகங்களைப் பறிமுதல் செய்தது. பிரகாசம் சென்னை மாகாண முதல்வராக இருந்தபோதுதான், ஏறத்தாழ 35 ஆண்டுகளுக்குப் பின், தடை நீங்கியது. சீர்திருத்தம் பேசுவோர் இதை நெஞ்சில் எழுதிக்கொள்ள வேண்டும். விதவைக்கு வாழ்வு கேட்ட வாயே, கவிதை எழுதிய கணிகைக்கு மதிப்பு மறுத்தது. நம் பார்வையிலும் இப்படிப்பட்ட குருட்டுப் புள்ளிகள் இருக்கக்கூடும்.

அதே நாகரத்தினம்மாள் திருவையாற்றில் தியாகராசர் சமாதியைத் தம் பொருள் செலவிட்டுக் கட்டினார். ஆனால் அங்கு நடந்த ஆராதனையில் பெண்கள் பாட இடமில்லை! அவர் அழுது ஓய்ந்துவிடவில்லை. 1927இல் பெண்களைத் திரட்டித் தனி ஆராதனையே நடத்தினார். பிளவுபட்ட கட்சிகள் ஒன்றாகி, 1941இல் ஒரே விழா நடந்தபோது, பெண்களும் அதில் பாடினர். கோயில் கட்டியவளே வாசலில் நிற்க வேண்டியிருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள்.

இது நம் நாட்டு நோய் மட்டுமன்று. ஜெர்மனியில் ஃபானி மெண்டல்சன் (1805-1847) என்ற இசைமேதை. அவளுக்கு 14 வயதானபோது தந்தை கடிதம் எழுதினார்: தம்பி ஃபீலிக்சுக்கு இசை தொழிலாகலாம், உனக்கு அது அணிகலனாக மட்டுமே இருக்க வேண்டும் என்ற கருத்தில். அவள் இயற்றிய பாடல்களில் ஆறு, தம்பியின் பெயரில் அச்சாயின. 1842இல் பக்கிங்காம் அரண்மனையில் விக்டோரியா அரசி, ஃபீலிக்சின் தொகுதியிலிருந்து தமக்குப் பிடித்த பாடலைப் பாடிக்காட்டினார். "அது என் அக்காள் இயற்றியது" என்று அவன் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. உலகப் பேரரசின் அரசியே ஒரு பெண். அவள் விரும்பிய பாடலும் பெண் படைப்பு. அட்டையில் மட்டும் ஆணின் பெயர்! ஃபானி தன் பெயரில் நூல் வெளியிடத் துணிந்தது 1846இல். மறு ஆண்டே மறைந்துவிட்டாள். நானூற்றுக்கும் மேற்பட்ட படைப்புகளில் பெரும்பாலானவை, பெர்லினில் அவள் வீட்டில் நடந்த ஞாயிற்றுக்கிழமை அரங்குகளோடு நின்றன.

அங்கே ஞாயிறு, இங்கே வெள்ளி. சென்னை ஜார்ஜ் டவுனில் வீணை தனம்மாள் (1867-1938) வீட்டில் வெள்ளி மாலைதோறும் சிறு கூடத்தில் இசை நடக்கும். பெரிய பந்தல் இல்லை, ஆரவாரம் இல்லை. நகரத்தின் தேர்ந்த இசைவாணர்கள் அங்கே மாணவர்போல் அடங்கி அமர்ந்து கேட்டனர். அந்த அம்மையாரைப் 'பழம்பாடல்களைக் காத்தவர்' என்று புகழ்கிறார்கள். காத்தவர், சரி. இராக ஆலாபனையில் நொடிக்கு நொடி பிறக்கும் இசையை யார் இயற்றியது? கற்பனைச் சுரம் என்ற பெயரிலேயே கற்பனை இருக்கிறதே! பெண்ணின் கற்பனை காற்றோடு போகலாம். கல்வெட்டாகக் கூடாது என்பதுதானே வழக்கம்?

1947இல் தேவதாசி முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. முத்துலட்சுமி அம்மையாரும் மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் தந்தை பெரியாரின் இயக்கமும் பாடுபட்டுப் பெற்ற வெற்றி அது. அந்த முறைக்காக நாம் ஒரு துளிக் கண்ணீரும் சிந்தமாட்டோம். ஆனால் விலங்கை உடைத்தபோது, விலங்கிடப்பட்டவளின் கலைப்பெயரையும் சேர்த்துக் குப்பையில் கொட்டிய கொடுமை நடந்தது. அவள் கலை மேடையேறிற்று; அவள் மரபு மேடையிலிருந்து இறக்கப்பட்டது. 1928இல் தோன்றிய சென்னை மியூசிக் அகாடமி, ஒரு பெண்ணுக்கு 'சங்கீத கலாநிதி' பட்டம் தந்தது 1968இல். எம்.எஸ். சுப்புலட்சுமி அந்தப் பெண். நாற்பது ஆண்டுகள்! பாடுகிறவளுக்கே இந்த நிலையென்றால், இயற்றுகிறவளைப் பற்றிக் கேட்கவும் வேண்டுமா? மதுரையில் அம்புஜம் கிருஷ்ணா (1917-1989) அறுநூறு பாடல்களுக்கு மேல் எழுதினார். அவற்றைப் பாடுவோர் உண்டு. அவர் பெயரைச் சொல்லிவிட்டுப் பாடுவோர் எத்தனை பேர்?

மீண்டும் அத்திப்பட்டுக்கு வருவோம். புகைபோக்கி எழுவதற்கு முன் இந்த வட்டாரத்தில் வயல்கள் இருந்தன, உப்பளங்கள் இருந்தன. நாற்று நட்டவள் பாடினாள். தொட்டிலாட்டியவள் பாடினாள். சாவு வீட்டில் மாரடித்தவள், இறந்தவன் வாழ்வை அந்தக் கணத்திலேயே பாட்டாக்கினாள். ஒப்பாரி ஏட்டைப் பார்த்துப் படிப்பதில்லை, அங்கேயே இயற்றுவது. அவள் சேரியில் வாழ்ந்ததால் அவளை எந்தச் சபையும் அழைக்கவில்லை. எழுத்தறிவு மறுக்கப்பட்டதால் அவளாலும் எழுதிவைக்க முடியவில்லை. சாதியும் ஆணாதிக்கமும் கைகோத்துச் செய்த களவு இது!

இளைஞர்களே! உங்களுக்கு ஒரு வேலை. படிப்பகத்தில் ஒரு மாலை, சிறு கூடத்தில், பெண்கள் இயற்றிய பாடல்களுக்கென்றே ஓர் அரங்கு கூட்டுங்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் இயற்றியவளின் பெயரை உரக்கச் சொல்லுங்கள். "காரைக்கால் அம்மையார் பக்திப் பாட்டாயிற்றே" என்று தயங்க வேண்டாம்; தெய்வத்தை விட்டுவிட்டுத் திறமையை எடுத்துக்கொள்ள நமக்குத் தெரியும். அதற்கு முன், உங்கள் தெருவில் நடவுப்பாட்டும் ஒப்பாரியும் அறிந்த மூதாட்டி இருந்தால், அவர் எதிரில் போய் உட்காருங்கள். கைப்பேசியில் பாட்டைப் பதிவு செய்யுங்கள். யாரிடம் கற்றார், எதைத் தாமே கட்டினார் என்று கேளுங்கள். அவர் இசைந்தால் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள்.

'பாட்டி' என்று எழுதி வைக்காதீர்கள். பாட்டிக்கும் ஒரு பெயர் உண்டு.